பழைய வாகனச் சோதனைக் கருவிகளின் மறுபயன்பாடு

வாகனங்களில் கணினிக் கட்டுப்பாடு வருவதற்கு முன்பு, எஞ்சின், மின்னமைப்பு, எரிபொருள் பம்ப் ஆகியவற்றின் நிலையை அளப்பதற்கும் பழுதைக் கண்டறிவதற்கும் பட்டறைகளில் தனித்தனிக் கருவிகள் இருந்தன. டிஸ்ட்ரிபியூட்டர் சோதனை மேசை, ஸ்பார்க் பிளக் சோதனைப் பெட்டி, ஆர்மேச்சரைச் சோதிக்கும் குரோலர், டீசல் பம்ப் சோதனை மேசை, நாசில் டெஸ்டர், பாட்டரி செல் டெஸ்டர், டைமிங் லைட் போன்றவை அவற்றுள் சில. புதிய வாகனங்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை பயன்படுவதில்லை. பட்டறையை மூடும்போதும், இடம் மாற்றும்போதும், மூத்த மெக்கானிக் காலமான பிறகும் இக்கருவிகள் எடைக்கு விற்கப்படுவதே வழக்கம். ஆனால் வழக்கிழந்தவை என்று ஒதுக்கப்படும் கருவிகளில் சிலவற்றுக்குத் தாமிரபரணிப் பகுதியிலேயே இன்றும் வேலை இருக்கிறது. எந்தக் கருவி எங்கே பயன்படும் என்பது, அது எதை அளக்கிறது என்பதைப் பொறுத்தது.

பின்னணி

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாக ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நெல் வயல்களும் நூற்பாலையும் சிமெண்ட் ஆலையும் தூத்துக்குடித் துறைமுகமும் கொண்ட இப்பகுதியில் பேருந்து, லாரி, டிராக்டர் ஆகிய மூன்றும் பெருகின. அவற்றைச் சார்ந்து பட்டறைகளும் பெருகின. 1974-இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1997-இல் மாநிலத்தின் மற்றக் கழகங்களைப் போலவே இதுவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயருக்கு மாறியது.

அக்காலப் பட்டறைகள் பழுதுபார்த்த உதிரிப்பாகங்களில் கணிசமானவை தென்னிந்தியாவில் செய்யப்பட்டவை. 1951-இல் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனம் பெங்களூரில் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் பம்புகளையும் தயாரித்தது. 2008-இல் அதன் பெயர் பாஷ் என மாறியது. சென்னை பாடியில் 1961-இல் நிறுவப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் வாகனங்களுக்கான மின்கருவிகளைத் தயாரித்தது. பம்பைத் திறந்து அமைப்பவர், ஆர்மேச்சர் சுற்றுபவர், பாட்டரி பார்ப்பவர் என்று தொழில் பிரிந்து, ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்குரிய கருவியை வாங்கி வைத்தனர்.

கருவிகள் செயல்படும் விதம்

குரோலர் இவற்றுள் மிக எளியது. ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அமைந்த இரும்புத் தகடுகளின் அடுக்கும், அதைச் சுற்றிய ஒரு கம்பிச்சுருளும் மட்டுமே அதில் உண்டு. சுருளில் மாறுதிசை மின்சாரம் பாய்ந்தால் உறுமல் ஒலி எழும், பெயர்க்காரணம் அதுவே. டைனமோ அல்லது செல்ஃப் மோட்டாரின் ஆர்மேச்சரை அந்தப் பள்ளத்தில் வைத்தால், டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுருள் போல அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஆர்மேச்சருக்குள் ஏதேனும் ஒரு சுருள் ஷார்ட் ஆகியிருந்தால் அதில் மட்டும் மின்னோட்டம் சுழலும். மெக்கானிக் ஓர் உடைந்த ஆக்ஸா பிளேடை ஆர்மேச்சரின் மேல் பிடித்துக்கொண்டு மெல்ல உருட்டுவார். பழுதான சுருள் இருக்கும் பள்ளத்துக்கு நேரே வந்ததும் பிளேடு படபடவென்று அடிக்கும். அளவுமானியோ முள்ளோ தேவையில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் சோதனை மேசை சற்றுச் சிக்கலானது. பெட்ரோல் எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டரைத் தனியே கழற்றி இதில் பொருத்தி, வேகத்தை மாற்றக்கூடிய மோட்டாரால் சுழற்றுவார்கள். கான்டாக்ட் பாயிண்ட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும், பாகைக் குறியீடு பொறித்த வளையத்தில் ஓர் ஒளிக்கோடு தெரியும். நான்கு சிலிண்டருக்கு நான்கு கோடுகள் 90 பாகை இடைவெளியில் விழ வேண்டும். அவை சீராக விழாவிட்டால் தண்டு ஆடுகிறது அல்லது கேம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். வேகத்தைக் கூட்டும்போது கோடுகள் முன்னோக்கி நகர்ந்தால், மையவிலக்கு எடைகள் தம் வேலையைச் செய்கின்றன. லூகாஸ் வகை நாற்சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் மூடியிருக்கும் கோணம் ஏறத்தாழ 60 பாகை இருக்க வேண்டும். அதையும் இம்மேசையிலேயே பார்க்கலாம்.

ஸ்பார்க் பிளக் சோதனைப் பெட்டி இரண்டு வேலைகள் செய்யும். காற்றழுத்தத்தால் மணலை வீசிக் கரியை நீக்குவது ஒன்று. அழுத்தமூட்டிய சிற்றறைக்குள் பிளக்கை வைத்துத் தீப்பொறி வருகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. காற்று அழுத்தப்படும்போது பொறி தாவுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். ஆகவே திறந்தவெளியில் நன்றாகப் பொறி தட்டும் பிளக், சிலிண்டருக்குள் தவறக்கூடும். எஞ்சின்மீது பிளக்கை வைத்துக் கிக்கரை உதைத்துப் பார்க்கும் பழக்கம் ஏன் சில வேளை ஏமாற்றுகிறது என்பதற்கான விடை இதில் இருக்கிறது.

டீசல் பம்ப் சோதனை மேசைதான் இக்கருவிகளில் பெரியது, விலை மிக்கது. ஆறு சிலிண்டர் லாரியின் வரிசைப் பம்பில் ஆறு எலிமெண்டுகள் உண்டு. ஆறும் ஒரே அளவு டீசலைத் தள்ள வேண்டும். ஒன்று கூடுதலாகத் தள்ளினால் கரும்புகை வரும். ஒன்று குறைந்தால் எஞ்சின் உதறும். மேசையில் பம்பைப் பூட்டி, குறித்த வேகத்தில் சுழற்றி, ஆறு நாசில்களிலிருந்து பீய்ச்சும் எண்ணெயை அளவுக்கோடிட்ட ஆறு கண்ணாடிக் குழாய்களில் பிடிப்பார்கள். குறித்த எண்ணிக்கையிலான வீச்சுகளுக்குப் பிறகு குழாய்களின் மட்டத்தை ஒப்பிட்டு ஒவ்வோர் எலிமெண்டாகத் திருத்துவார்கள். எந்தப் பம்புக்கு எந்த வேகத்தில் எத்தனை கனசெ.மீ. என்பது உற்பத்தியாளர் தரும் அட்டவணையில் இருக்கும். அட்டவணை இல்லாவிட்டால் ஆறும் சமமாக இருப்பதை மட்டுமே மேசையால் காட்ட முடியும்; சரியான அளவா என்பதைக் காட்ட முடியாது.

வழக்கிழந்த விதம்

2000 ஏப்ரலில் நாடு முழுவதும் முதற்கட்ட மாசு நெறிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. அதையொட்டிய ஆண்டுகளில் கார்களில் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் மறைந்து, மின்னணுக் கட்டுப்பாட்டு எரிபொருள் பீய்ச்சல் வந்தது. 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நாடு முழுதும் கட்டாயமாயின. டீசல் வாகனங்களில் வரிசைப் பம்பின் இடத்தைக் காமன் ரெயில் பிடித்தது. இதில் நாசில் திறப்பது கணினியின் மின்சைகையால்; நெம்புகோலை அமுக்கி நாசிலைத் திறக்கும் பழைய டெஸ்டருக்கு இங்கு வேலையில்லை. பழுதைக் கண்டறிய, வாகனத்தின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகிப் பிழை எண்ணைப் படிக்கிறார்கள்.

சில கருவிகள் இன்னும் எளிய காரணத்தால் வழக்கிழந்தன. பழைய பாட்டரிகளின் மேற்புறத்தில் செல்களை இணைக்கும் ஈயப்பட்டைகள் வெளியே தெரியும். செல் டெஸ்டரின் இரண்டு முனைகளையும் அவற்றில் அழுத்தி, ஒவ்வொரு செல்லையும் தனியே சோதிப்பார்கள். இன்றைய பாட்டரியில் இணைப்புகள் மூடிக்குள் மறைந்துவிட்டன. முனைகளை வைக்கவே இடமில்லை.

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் முதல் நீக்கும் விதி, அரசுப் பணிமனைகளில் பழைய கருவிகளுக்கு எஞ்சியிருந்த தேவையையும் குறைத்தது.

காயலான் கடை

பழைய இரும்பு வாங்கும் கடைக்குத் தமிழகம் முழுதும் வழங்கும் 'காயலான் கடை' என்னும் பெயர், தாமிரபரணியின் கழிமுகத்தை ஒட்டிய காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தாமிரபரணிக் கரைப் பட்டறைகளின் கருவிகளும் பெரும்பாலும் முடிவில் சேருமிடம் இத்தகைய கடைதான். அங்கே வார்ப்பிரும்புக்கு ஒரு விலை, செம்புக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை. கருவி பிரிக்கப்பட்ட உடனே அதன் மதிப்பு அவ்வளவே.

காயலான் கடையைப் பகையாகப் பார்ப்பதும் சரியன்று. பழைய கருவிகளைத் தேடுவோர் பலர் முதலில் போவதும் அங்கேதான். முழுதாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்று தெரிந்தால் கடைக்காரர் பொருளை உடைக்காமல் வைத்திருப்பார். கடைக்குப் போவதைவிட, பெயர்ப்பலகையும் இணைப்புக் கம்பிகளும் பிடுங்கப்பட்ட நிலையில் போவதே பெரும்பாலும் கருவியின் முடிவாகிறது.

இன்னும் வேலை உள்ள இடங்கள்

டீசல் பம்ப் சோதனை மேசையைச் சென்னையின் புதிய கார்ப் பட்டறை ஒன்று வேண்டாம் என்று சொல்லலாம். அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ நிலைமை வேறு. கார், பிசானம் என இரண்டு நெற்பருவங்கள் காணும் இப்பகுதியில் உழவும் அறுவடையும் டிராக்டர்களையும் அறுவடை இயந்திரங்களையும் நம்பியுள்ளன. 50 குதிரைத்திறனுக்குக் குறைந்த டிராக்டர்கள் பலவற்றில் இன்றும் கணினி இல்லாத, இயந்திர வகைப் பம்புதான். கல்யாண மண்டபங்களின் பழைய ஜெனரேட்டர்கள், கல் உடைக்கும் ஆலைகளின் எஞ்சின்கள், ஆறு கடலில் சேரும் பகுதியின் விசைப்படகுகள் ஆகியவற்றிலும் இத்தகைய பம்புகள் உண்டு. சாலை வாகனங்களுக்கான மாசு நெறிமுறைகள் இவற்றுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே பம்ப் மேசைக்குப் புதிய இடம் தேடுபவர் முதலில் கேட்டுப்பார்க்க வேண்டியது டிராக்டர், படகு எஞ்சின் பழுதுபார்ப்போரிடம். அறுவடைக் காலத்தில் ஒரு பம்பைத் திருத்த வெளியூர் அனுப்பிக் காத்திருப்பதற்கும் உள்ளூரிலேயே முடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் நன்கு அறிவர்.

குரோலரின் கதையும் இதுவே. கார்களில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்து நெடுங்காலமாயிற்று. எனினும் மிக்ஸி, கைத்துளைப்பான், கட்டிங் மெஷின் ஆகியவற்றின் மோட்டார்களில் ஆர்மேச்சர் இருக்கிறது. மோட்டார் காயில் கட்டும் கடை எந்த ஊரிலும் உண்டு. அங்கே குரோலர் மறுநாளே வேலைக்கு வந்துவிடும்.

ஸ்பார்க் பிளக் சோதனைப் பெட்டிக்கும் டைமிங் லைட்டுக்கும் பழைய இருசக்கர வாகனங்களைப் பார்க்கும் பட்டறைகள் உள்ளன. கான்டாக்ட் பாயிண்ட் கொண்ட பழைய புல்லட் வண்டிகள் தென் மாவட்டங்களில் விரும்பிப் பேணப்படுகின்றன.

பழம்பெரும் வாகனங்களை வைத்திருப்போர்

டிஸ்ட்ரிபியூட்டர் சோதனை மேசையின் இன்றைய வாடிக்கையாளர்கள் அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களைப் பேணுவோர். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூலவடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய வழிவகுத்தது. அவற்றின் பதிவெண்ணில் 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ அவற்றை ஓட்டக்கூடாது. மூலவடிவம் மாறாமல் இருக்க வேண்டுமெனில் மின்னணு இக்னிஷனுக்கு மாற்றுவதைத் தவிர்த்துப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே சரிசெய்ய நேரும். அதற்கு மேசை வேண்டும்.

மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளின் உறுப்பினர்களிடம் இத்தகைய கார்கள் உள்ளன. திருநெல்வேலியில் இருக்கும் மேசை சென்னைக்கோ கோவைக்கோ போவது, அங்குள்ள பத்துக் கார்களுக்கு உதவுமானால், நியாயமான பயணம்தான். உள்ளூரை விட்டுப் போகக்கூடாது என்று கட்டி வைத்துத் துருப்பிடிக்க விடுவதில் யாருக்கும் பயனில்லை.

கல்வி நிலையங்களும் அருங்காட்சியகங்களும்

பேட்டையில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையம், சங்கர்நகரிலுள்ள சங்கர் பாலிடெக்னிக், 1981-இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி போன்ற தொழிற்கல்வி நிலையங்கள் இப்பகுதியில் உள்ளன. ஸ்கேனர் காட்டும் எண்ணைப் படிக்கும் மாணவருக்கு, இக்னிஷன் நேரம் முன்னோக்கி நகர்வது என்றால் என்ன என்பதைக் கண்ணால் காட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மேசையைவிட நல்ல கருவி இல்லை. இன்று அதே வேலையை மென்பொருள் செய்கிறது. ஆனால் அது நடப்பது தெரிவதில்லை. பெரிய கருவிகளுக்குத் தேவையான மூன்று பேஸ் மின்னிணைப்பு இத்தகைய பயிலகங்களில் ஏற்கெனவே இருப்பதும் ஒரு வசதி. எனினும் பாடத்திட்டத்தில் இடமும், ஆர்வமுள்ள பயிற்றுநரும் இல்லாத கல்லூரிக்குக் கொடுத்தால், கருவி பட்டறைக் கொட்டகையிலிருந்து கல்லூரிக் கொட்டகைக்கு மாறியதாகவே முடியும்.

கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம், தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமத்தைச் சேர்ந்தது. தொட்டும் இயக்கியும் பார்க்கும் காட்சிப்பொருள்கள் அறிவியல் மையங்களின் இயல்பு. சுழலும் சக்கரத்தை நின்றுவிட்டது போலக் காட்டும் டைமிங் லைட்டும், பிளேடைத் துடிக்கவைக்கும் குரோலரும் அந்த இயல்புக்கு ஏற்றவை. கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகம் வேறு வகை. 1920-இல் ஒற்றைப் பேருந்துடன் தொழிலைத் தொடங்கிய ஜி.டி.நாயுடுவின் பெயரோடு இணைந்த அது, வாகனங்களின் வரலாற்றைச் சொல்கிறது.

அருங்காட்சியகம் எந்தக் கருவியையும் உடனே ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இடமும் பராமரிப்பும் செலவு பிடிப்பவை. அவர்கள் கேட்பது பெரும்பாலும் கருவியின் அருமையைவிட அதன் வரலாற்றை: எந்த ஆண்டு வாங்கப்பட்டது, எந்தப் பேருந்துகளுக்குப் பயன்பட்டது, யார் இயக்கினார், வாங்கிய ரசீதோ பழைய புகைப்படமோ உண்டா. வரலாறு தெரிந்த சாதாரண செல் டெஸ்டர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத அரிய கருவியைவிட எளிதில் இடம் பெறும். வேறு எங்கும் வேலையில்லாத செல் டெஸ்டருக்கு இதுவே மிஞ்சிய வழி.

மின்சாரம் கொடுக்கும் முன்

நெடுநாள் கிடந்த கருவியை நேரடியாகச் சாக்கெட்டில் செருகிப் பார்ப்பதால் பல கருவிகள் அழிகின்றன. அமெரிக்காவில் செய்யப்பட்ட கருவியாயின் அது 110 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம்; 230 வோல்ட்டில் சில நொடிகளில் கருகிவிடும். பெயர்ப்பலகையைப் படித்து, தேவையெனில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே இணைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரிஸ் பல்பு முறையே முதற்சோதனைக்குப் பாதுகாப்பானது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியில் எரியும், கருவி தப்பிக்கும்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதி உட்பட, ஆற்றை ஒட்டிய தாழ்வான இடங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளத்தில் நனைந்த கருவி மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் மோட்டார்ச் சுருளுக்குள் ஈரமும் வண்டலும் தங்கியிருக்கும். சேற்றைக் கழுவி, நாள்கணக்கில் உலர்த்தி, மெகர் கொண்டு இன்சுலேஷனைப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்கலாம்.

படக்குழாய் கொண்ட எஞ்சின் அனலைசர்களில் ஆபத்து அதிகம். இணைப்பைத் துண்டித்த பின்னும் ஆயிரக்கணக்கான வோல்ட் அதில் தேங்கியிருக்கலாம். பழைய தொலைக்காட்சிகளைப் பழுதுபார்த்துப் பழகியவர் மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. சில பழைய கண்டென்சர்களில் நச்சு எண்ணெய் உண்டு. காப்பாற்ற முடியாதவற்றை உடைத்து வீசாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை. நாசில் டெஸ்டரை இயக்கிப் பார்ப்போர் பீய்ச்சலுக்கு நேரே கையை வைக்கக்கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை அது.

கைமாற்றம்

தனியார் பட்டறையின் கருவியை உரிமையாளரோ வாரிசுகளோ கொடுக்கலாம். அரசு நிறுவனத்தின் கருவி அப்படியன்று. பயனற்றது என முறைப்படி அறிவிக்கப்பட்டு, ஏலமாகவோ துறைகளுக்கிடையிலான மாற்றமாகவோதான் வெளியேற முடியும். ஆகவே அரசுப் பணிமனையில் ஒரு நல்ல மேசை இருப்பது தெரிந்தால், ஏல அறிவிப்பு வரும் முன்பே ஒரு தொழிற்பயிற்சி நிலையம் எழுத்துமூலம் கேட்பது பயன் தரலாம்.

கருவியை அசைப்பதற்கு முன்பே, அது நின்ற இடத்திலேயே புகைப்படம் எடுத்துவிட வேண்டும். பெயர்ப்பலகை, தொடர் எண், பின்புற இணைப்புகள் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். பளபளப்பாக்கப் பெயிண்ட் அடிப்பது தவறு, குறியீடுகள் மறைந்துவிடும். இழுப்பறையில் கிடக்கும் அடாப்டர்கள், பைப்புகள், கிளிப்புகள், எண்ணெய்க் கறை படிந்த அட்டவணைகள் எல்லாம் கருவியின் பகுதியே. அவற்றில் பலவற்றை இனி வாங்க இயலாது. எடுத்துக்காட்டாக, எஞ்சின் அனலைசர்களுக்குப் பெயர்பெற்ற சிகாகோவின் சன் எலக்ட்ரிக் நிறுவனத்தை 1992-இல் ஸ்னாப்-ஆன் வாங்கிவிட்டது. பழைய மாதிரிகளின் கையேடுகள் இன்று பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் கையில்தான். உடைந்த இரண்டாவது மேசை இருந்தால் அதையும் உதிரிப்பாகமாகக் கூடவே அனுப்பலாம்.

பெறுபவரிடமிருந்து சிறு கடிதம் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. கொடையா கடனா, இயக்கப் போகிறார்களா காட்சிக்கு மட்டுமா, பின்னாளில் வேண்டாமென்றால் யாரிடம் கேட்ட பிறகு அகற்றுவார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். பம்ப் மேசையாயின் வார்ப்பிரும்பு அடித்தளத்தோடு பல நூறு கிலோ எடை இருக்கும். செயின் பிளாக் கொண்டு தூக்கி, எண்ணெயை வடித்து, கண்ணாடிக் குழாய்களைக் கழற்றித் தனியே சுற்றி ஏற்ற வேண்டும். அதை இயக்கிய மெக்கானிக் இருக்கிறார் என்றால், கழற்றுவதற்கு முந்தைய நாள் அவர் ஒரு பம்பைப் பூட்டி, தொடக்கம் முதல் இறுதி வரை செய்து காட்டுவதைக் கைப்பேசியில் படமாக்கிக்கொள்ளலாம். புதிய இடத்தில் மேசையை நிறுத்தி மட்டம் பார்க்கும் நாளில் அவரும் உடனிருந்தால், கையேட்டில் இல்லாத பல கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைக்கும்.